வெள்ளைதான் என்று சொன்னேன்

வத்தேகமவில் எனக்கு ஒரு ஹார்ட்வேர் கடை. சிமெந்து, கம்பி, பெயின்ட் எல்லாம் இருந்தாலும் அதிகம் போவது கூரைக்குப் போடும் அஸ்பெஸ்டஸ் சீட்தான். கேட்ட அளவுக்குக் கடைக்குப் பின்னால் வைத்து வெட்டியும் கொடுப்போம். வெட்டுகிறவர் மஹய்யாவையிலிருந்து வரும் ஒரு மேசன் பாஸ். கிரைண்டரை வைத்தாரென்றால் தூசு ஆளையே மூடிவிடும். முகத்தில் ஒரு லேஞ்சியைக் கட்டிக்கொண்டு வெட்டுவார்.

ஒருநாள் கேட்டார்: "மொதலாளி, இந்தத் தூசுல புற்றுநோய் வரும்னு சொல்றாங்களே. நல்ல மாஸ்க் ஒன்னு எடுத்துத் தருவீங்களா?"

அரைகுறையாகப் படித்துவிட்டு முழுசாகப் பேசுகிற ஆள் நான். உடனே போனில் தேடினேன். நீல அஸ்பெஸ்டஸிலும் பழுப்பிலும் நார் ஊசிபோல நேராக, விறைப்பாக இருக்குமாம். நுரையீரலில் குத்திக்கொண்டால் எத்தனையோ வருடம் கரையாதாம். வெள்ளை நார் சுருண்டது. உடம்பு அதைக் கொஞ்சம் சீக்கிரமாகக் கழித்துவிடும், ஆகவே ஆபத்து குறைவு. நாங்கள் விற்பது வெள்ளை.

"பயப்பட ஒன்னுமில்ல பாஸ். நீலமும் பழுப்பும்தான் கெட்ட சாதி. இது வெள்ளை."

சொன்னதில் பொய் இல்லை. அடுத்த வரியைத்தான் விழுங்கிவிட்டேன்: குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல, வெள்ளையும் புற்றுநோய் தரும். மறுநாளிலிருந்து அவர் லேஞ்சியைக்கூடக் கட்டவில்லை. அதையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். வருடக்கணக்காக இருந்தேன். எழுதவே கூசுகிறது.

போன வருடம் எங்கள் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டினோம். பாஸ் வாசலில் கிரைண்டரை எடுத்தார். உள்ளே என் ஆறு மாத மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க வெட்ட வேணாம் பாஸ், புள்ள ஈக்கிது! கடைக்குக் கொண்டு போங்க!"

கத்தியே விட்டேன். அவர் சீட்களைத் திரும்ப லொறியில் ஏற்றினார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தூசு படிந்த உடுப்போடுதான் தினமும் அவர்களிடம் போகிறார். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் கண்டிக்குப் போய், வடிகட்டி வைத்த நல்ல மாஸ்க் வாங்கினேன். உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒரு டாக்டரிடம் நெஞ்சைக் காட்டச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தேன்.

"பாஸ், இனி இதப் போட்டுட்டுத்தான் வெட்டணும். தண்ணி ஊத்தி, கைவாளால வெட்டுங்க."

மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் மொதலாளி, இப்ப வர்ற சீட்டு வேற சாதியா?"

"ஓ, வேற சாதி" என்றேன்.

"நல்லவேளை மொதலாளி," என்று சிரித்தார். "நான் இத்தன வருஷமா வெட்டுனதெல்லாம் வெள்ளை."