அருவிக்கு வண்டி ஓட்டுவது யார்?

ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போவது என்று முடிவானதும் வீட்டில் ஒரே கும்மாளம். வேன்காரர் மட்டும் அதில் சேரவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் சொந்த வேன் அவருடையது. அதனால் ஊருக்கே அவர் வேன்காரர். இத்தனை காலத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை, ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்ததில்லை. ஆனால் அந்த மனிதருக்கு இரண்டு கண்ணிலும் புகை படிந்த மாதிரி ஆகி வருஷம் ஒன்றாகிறது. வலது கண் ரொம்ப மோசம். எதிரே நிற்பது ஆளா, கம்பமா என்று கிட்டே போனால்தான் தெரியும். வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போச்சு, வேன் போச்சு, வீட்டில் அடுப்பு எரியாது என்று பயந்து வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் காட்டலாமே என்பீர்கள். அவர் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டால்? பள்ளிக்கூடம் லீவு விடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டே வந்தார்.

அப்படியானால் தினம் எப்படி ஓட்டினார்? அந்த வழி அவருக்கு மனப்பாடம். எங்கே வேகத்தடை, எங்கே பள்ளம், எந்த முக்கில் பால்காரர் சைக்கிளைச் சாய்த்து வைப்பார், எல்லாம் அவர் கைக்கும் காலுக்கும் தெரியும். பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஏறும்போது ஒவ்வொருவரும் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஏறியபின் கடைசி சீட்டில் உட்காரும் குட்டிப்பெண் "ரைட்!" என்று கத்த வேண்டும். அடடா, என்ன ஒழுங்கு என்று பெற்றவர்கள் பூரித்துப்போனார்கள். முகம் தெரியாததால்தான் மனிதர் குரலைக் கேட்கிறார் என்று யாருக்குத் தோன்றும்?

மலைப்பாதை அப்படி இல்லை. அந்தப் பக்கம் அவர் போனதே கிடையாது.

சாயங்காலம் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, செல்போன் கடையில் வேலை, வாயை மூடத் தெரியாதவன். மனைவி ஜன்னல் ஓரம் மெஷினில் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். துணி வெட்டுகிற மேஜைதான் அன்றைக்கு ஆலோசனை மண்டபம்.

"மாமா, விடியறதுக்குள்ள கிளம்பிடணும். கூட்டம் சேர்ந்தா நின்னு குளிக்க முடியாது."

"இப்பல்லாம் தண்ணி வராது மாப்ள. வெறும் பாறையைப் பாத்துட்டு வரணும்."

"நேத்துதான் ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான். கொட்டோ கொட்டுனு கொட்டுது!"

"குரங்குத் தொல்லை ஜாஸ்தி. கையில இருக்கறதைப் பிடுங்கிடும்."

"உங்க கையில என்ன இருக்கு பிடுங்கறதுக்கு?" என்றாள் மனைவி, மெஷினை நிறுத்தாமலே. எல்லோரும் சிரித்தார்கள்.

"எஞ்சின் மலை ஏறாதுடா."

"போன மாசம்தானே வேலை பாத்தீங்க? புது வண்டி மாதிரி போகுதுன்னு பீத்திக்கிட்டீங்களே!"

வேன்காரர் மென்று முழுங்கினார். "ஒண்ணு பண்ணு. வேற வண்டி பேசிக்கோ. டிரைவரோட."

"நல்லா இருக்கே! சொந்த வேன் வாசல்ல நிக்குது. எவனோ ஒருத்தனை நம்பி என் புள்ளைங்களை மலை ஏத்துறதா? உங்களை மாதிரி ஓட்ட ஆள் உண்டா மாமா?"

புகழ்ந்துதான் சொன்னான். அவருக்குக் கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது.

"நீங்களே பாருங்க, அப்புறம் மனசு மாறிடும்" என்று மச்சினன் போனை நீட்டினான். வேன்காரர் வாங்கிக் கையைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. இது போதும் என்று நினைத்துவிட்டார்.

"யப்பா! என்னா தண்ணிடா இது! இடி மாதிரி விழுது!"

மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அய்யோ மாமா, உங்க குசும்பு இருக்கே! அது கார் நிறுத்துற இடம். வெள்ளைக் காரா நிக்குது. தண்ணியாம், இடியாம்!"

வேன்காரரும் சேர்ந்து சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அப்பா டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுவதை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்பா, சுவத்துல அந்தக் காலண்டரைப் பாத்து ஞாயித்துக்கிழமை என்ன தேதின்னு சொல்லுங்க."

வேன்காரர் வழக்கமான சுவரைத் திரும்பிப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, தேதியைச் சரியாகவே சொன்னார்.

"அங்க காலண்டரே இல்லப்பா. மத்தியானம் ஆணி பேந்து விழுந்துடுச்சு. எடுத்து உள்ள வச்சிருக்கேன்."

"என்னடி, அப்பனுக்கே பரீட்சை வைக்கிறியா?" என்று எகிறினார். ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். மெஷின் சத்தம் நின்றுவிட்டது.

சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து மேஜைமேல் போட்டார். "நான் ஓட்டலை. எனக்குக் கண்ணு சரியா தெரியலை. போதுமா? ஒரு வளைவுல கை தப்பிச்சுன்னா என்னாகும்? என் பொண்ணு, உன் புள்ளைங்க, எல்லாத்தையும் வச்சுக்கிட்டு என்னால அந்தப் பாவத்தைச் செய்ய முடியாது."

சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. உண்மையைச் சொல்லவேண்டுமானால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மச்சினன் வந்து தோளைத் தொட்டான். "நல்லவேளை மாமா, இப்பவாச்சும் சொன்னீங்களே. நம்ம புள்ளைங்க உசுரு தப்பிச்சுது."

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள் மனைவி.

"ஒரு வருஷமா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெஷின் ஊசிக்கடியில் இருந்த துணியை உருவி எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். சின்னஞ்சிறு நீலப் பாவாடை. அதை அவர் கையில் வைத்தாள்.

"இது யாருதுன்னு தெரியுதா? உங்க கடைசி சீட்டுக்காரிக்குத் தச்சது. நாளைக்குக் காலையில போட்டுக்கிட்டு வந்து உங்க வண்டியிலதான் ஏறப்போறா."

"அது தெரிஞ்ச வழிம்மா... மெதுவாத்தான்..."

"தெரிஞ்ச வழியில ஒரு புள்ள குறுக்க ஓடியாந்தா? நம்ம புள்ளைங்களுக்கு மட்டும் பயப்படத் தெரிஞ்சுதே உங்களுக்கு!"

வேன்காரர் பாவாடையை முகத்தில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தாள். என் வேனுக்கு வேறு டிரைவரை அனுப்புங்கள், என் கண் போய்விட்டது என்று அவர் தன் வாயாலேயே சொன்னார்.

"அருவி எங்கயும் ஓடிப்போகாது. நாளைக்கு முதல்ல கண் டாக்டர்" என்றாள் மனைவி.

மறுநாள் காலையில் டாக்டரிடம் போக அவர்கள் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிர்ப்பக்கம் அவருடைய வேனே வந்து நின்றது. உள்ளே வேறு டிரைவர். பிள்ளைகள் பழக்கத்தில் ஒவ்வொருவராகப் பெயரைக் கத்திக்கொண்டே ஏறினார்கள். கடைசியாக அந்தக் குட்டிப்பெண் "ரைட்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"எதுக்கு எல்லாரும் இப்படிக் கத்துறீங்க?" என்று சிரித்தான் புது டிரைவர். "எனக்குத்தான் உங்க முகம் தெரியுதே!"

வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.