பரம்பரைக்கு ஓர் எண்

ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் எனக்குக் கோடிங் வேலை. ஊரில் சொன்னால் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அந்த நோய்க்கு உரிய எண்ணைப் போட வேண்டும், அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் செலவை ஏற்பான், அல்லது கைவிரிப்பான். நோயாளியின் முகத்தை நான் பார்க்க வேண்டியதே இல்லை. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஒருநாள் நரம்பு டாக்டரின் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். வந்திருந்த நோயாளிக்கு இந்தி அரைகுறை, அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது, நான்தான் மொழிபெயர்க்க வேண்டுமாம். அரியலூர் பக்கத்துக்காரர், கம்பி கட்டும் வேலை, முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் தடுக்கித் தடுக்கி விழுந்ததால், சைட்டுக்கு வராதே என்று, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். கெண்டைக்கால் சதை வற்றிப்போயிருந்தது. என் தமிழைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று எகிப்துக்கார டாக்டர் கேட்டார். அப்படியே கேட்டேன்.

“எங்கப்பாவுக்கும் இதே கால்தாண்ணே. இழுத்து இழுத்துத்தான் நடப்பாரு.”

நானும் ஒரு வார்த்தை பிசகாமல் டாக்டரிடம் சொன்னேன்.

பரிசோதனைகள் முடிந்து அவரைப் பற்றிய டாக்டரின் குறிப்பு என் மேசைக்கே வந்தது. அபூர்வமான நரம்பு நோய், பரம்பரையாக வருவது. அவருடைய கம்பெனி எடுத்திருந்த இன்சூரன்ஸில் பரம்பரை நோய்க்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். காரணம் தெரியாத நரம்பு நோய்க்கு வேறோர் எண் இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையாவது கிடைத்திருக்கலாம். ஆனால் டாக்டர் எழுதியதை மாற்ற எனக்கு உரிமையில்லை. நான் போட்ட எண்ணில் இதுவரை யாரும் குற்றம் கண்டதில்லை என்ற திமிர் வேறு. சரியான எண்ணைப் போட்டேன். இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது.

சில நாள் கழித்து ரிப்போர்ட் வாங்க வந்தவர் என்னைத் தேடிப் பிடித்தார். கம்பெனி விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்புகிறதாம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவரோ போனை எடுத்து மகளின் படத்தைக் காட்டினார். நாலு வயதாம், சைக்கிள் மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வேலை போனா போவுது விடுங்கண்ணே. அப்பாவுக்கு வந்து எனக்கும் வந்துடுச்சு. பாப்பாவுக்கும் வருமா? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்.”

பிள்ளைகளுக்கும் வரலாம், பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் குறிப்பின் கடைசியில் எழுதியிருந்தார். அதை நான் படித்திருந்தேன். என்னிடம் பேசிக்கொண்டிருந்தவரின் முதுகுக்குப் பின்னால், நாலு அடி தள்ளி, டாக்டரின் அறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் இன்னைக்கு லீவு,” என்றேன்.