மறைப்புக்கு அங்கால்

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் அன்னபாக்கியம் கதை கட்டுகிற மனுசி அல்ல. கட்டுவதற்கு அவருக்கு நேரமும் இருந்ததில்லை.

1959. முரசுமோட்டையில் ஒரு சின்ன நெல் ஆலை. புழுங்கலுக்காக நெல் ஊறிய தண்ணீர் புளித்து நாறும். அதை அப்படியே வாய்க்காலில் விட்டதில், கீழே குளித்த சனங்களுக்குச் சொறி பிடித்தது. ஊர் திரண்டு வந்து சத்தம் போட்டது. அதன் பிறகுதான் முதலாளி சிற்றம்பலம் இரண்டு குழிகள் வெட்டுவித்தார். முதல் குழியில் மண்டி அடியில் தங்கும். இரண்டாவதில் மணலும் கரியும். அதில் வடிந்து தெளிந்த தண்ணீர்தான் வாய்க்காலுக்குப் போகும்.

முதல் குழியின் மண்டியை அள்ளுவது அன்னபாக்கியத்தின் வேலை. ஒருநாள் விட்டாலும் குழி நிரம்பி வழியும். வழிந்தால் ஊரார் ஆலையை மூடுவார்கள். அவர் வீட்டு அடுப்பும் அணையும். காலை முழுக்க வயலில் களை பிடுங்கிவிட்டு, மத்தியானம் இங்கே வருவார். வாளியைத் தூக்கும்போதே கண் சொருகும்.

குழி தெருவுக்குத் தெரியாமலிருக்க, பின்னால் ஒரு தென்னோலைக் கிடுகு மறைப்பு. ஒரு மத்தியானம் அதற்கு அப்பாலிருந்து சத்தம் கேட்டது.

சளக்... சளார்...

யாரோ வாளியால் அள்ளி ஊற்றினார்கள். அங்கேயும் குழி வெட்டி ஆள் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

"ஆர் பிள்ளை அது?"

"நான்தான் அக்கா. நீங்கள் களைச்சுப் போனியள். இருங்கோ, நான் அள்ளுறன்."

மறுக்கத் தெம்பில்லை. மரநிழலில் சாய்ந்தார். விழித்தபோது அவருடைய குழி துடைத்தாற்போல் கிடந்தது. மண்டி கொட்டுமிடத்தில் புதிதாக ஒரு துளி இல்லை. வாளி காய்ந்திருந்தது...

பயம் வரவில்லையா என்று பிறகு பலர் கேட்டார்கள். "பயப்படக் களைப்பு விடேல்லை" என்பார்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பேர் கேட்டார்.

"கமலாசனி" என்று பதில் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, வெற்றிலை கொடுத்து இரண்டு வார்த்தை பேசலாமென்று மறைப்பைச் சுற்றிப் போனார். சளக்... சளார்... சத்தம் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தார்.

குழி இல்லை.

வெடித்த கட்டாந்தரை. நெருஞ்சி. ஒரு காலடி கூட இல்லை.

சளக்...

இப்போது சத்தம் அவருடைய குழிப் பக்கமிருந்து வந்தது.

"இருங்கோ அக்கா..."

குரல் காதோரம்.

ஓடினார்.

"கமலாசனியோ? உனக்கு முந்தி இங்க வேலை செய்தவள். புளியங்குளத்துப் பக்கம் போயிட்டாள்" என்றார் சிற்றம்பலம். அங்கே செத்துப்போயிருப்பாள் என்றே அன்னபாக்கியம் நினைத்தார். பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை.

மாரி கழிந்தது. புளியங்குளச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, தேத்தண்ணிக் கடையில் யாரோ "கமலாசனி!" என்று கூப்பிட்டார்கள். கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெண் "வாறன்" என்றாள்.

அதே குரல்.

அன்னபாக்கியம் நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் அப்பிடித்தான் அக்கா. அந்தக் குரல் எனக்கு முந்தி அள்ளினவாவின்ர பேரைச் சொன்னது. அவாவும் சாகேல்லை. விசுவமடுவில இருக்கிறா."

"அப்ப அது ஆர்?"

"தெரியாது." கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "இப்ப அங்க அள்ளுற பெட்டை போன கிழமை இஞ்ச வந்தவள். மறைப்புக்கு அங்கால ஒரு அக்கா உதவி செய்யிறாவாம்."

"பேர் கேட்டவளாமோ?"

"ஓம். அன்னபாக்கியமாம்."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

"அக்கா... மில்லை விட்டாப் பிறகும் மத்தியானத்தில, மண்டி அள்ளினமாதிரி உங்களுக்கு நாரி உளையிறதோ?"

அன்னபாக்கியத்தின் கை இடுப்புக்குப் போனது.

உளைந்தது. ஒவ்வொரு மத்தியானமும்...