நெல்லிச்சாறும் அண்ணையின் வெள்ளை அணுக்களும்

இரத்தத்தின் வெள்ளை அணுக்களைச் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். லண்டனில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. நோயோடு சண்டைபோடும் அந்த அணு ஒவ்வொன்றும் தனக்குள்ளே ஆன்டிஆக்ஸிடன்ட் வைத்திருக்கும். சண்டையில் உண்டாகும் நஞ்சு தன்னையே அரித்துவிடாமல் காப்பது அதுதான். அது தீர்ந்தால் அணு செத்துப்போகும். தீராமலிருக்க வழி தேடியே என் தலை நரைத்தது.

என் அண்ணைக்கு வந்ததோ வெள்ளை அணுக்களிலேயே புற்றுநோய். கெட்டுப்போன அணுக்களிடமும் அதே காவல், அதுவும் தாராளமாக. மருந்து அரிக்கப் பார்க்கும், அவை தப்பிவிடும். சிகிச்சை முடியும்வரை அந்தக் காவலுக்குத் தீனி போடும், விழுங்கும் சத்துக் குளிசையோ செறிவான சாறோ வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் சனம் கேட்குமா? ஹரோவில் அண்ணையின் வீட்டுக்கு அவரைப் பார்க்க வந்த ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. கோயில் விபூதியோடு ஒரு போத்தல் நெல்லிச்சாறு, மஞ்சள் குளிசை. அண்ணி எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினார். நான் சாற்றை எடுத்துக் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன், குளிசைகளைக் குப்பையில் போட்டேன்.

"உமக்கென்ன விசரோ, தங்கச்சி? எதிர்ப்புச் சக்தி வேணுமெண்டுதானே எல்லாரும் சொல்லுகினம்!"

"அந்தச் சக்தியேதான் அண்ணி இப்ப அவருக்கு நோய்."

அதற்குப் பிறகு அண்ணி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோபாவில் கிடந்த அண்ணை, "ஒரு மிடறு தாவன். வாயெல்லாம் கசக்குது" என்று கெஞ்சினார். யாரிடமும் கெஞ்சிப் பழகாத மனிதர். முடியாது என்றேன். எனக்கு எல்லார்மீதும் எரிச்சல் வந்தது. சாறு கொண்டுவந்தவர்கள்மீது, மருந்துமீது, நான் படித்த படிப்புமீது. அவர் பிழைத்தால் போதும், என்னை வெறுத்தாலும் பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரியில், அண்ணி காரை நிறுத்தப் போயிருந்த நேரம், டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார். மருந்து இனி வேலைசெய்யாது, நிறுத்திவிடலாம். விரும்பியதைச் சாப்பிடட்டும்.

"அவளுக்கு இப்ப சொல்லாதை" என்றார் அண்ணை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டார், "டாக்டர் என்னவாம்?"

"விரும்பினதைக் குடுக்கலாமாம், அண்ணி."

"நெல்லிச்சாறுமோ?"

"ஓம்."

அண்ணியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை. "நான் அப்பவே சொன்னனான்!" என்று குசினிக்கு ஓடினார். புதிதாக வந்திருந்த போத்தலைத் திறந்து கிளாஸ் நிறைய ஊற்றிக்கொண்டு வந்தார். அண்ணை என் பக்கம் திரும்பாமலே முழுவதையும் குடித்து முடித்தார்.