லாரியாக மாறாத தலைவி

மரக்காணத்தில் ஒரு சூப்பர் ஹீரோ இருப்பது உங்களுக்குத் தெரியுமா? முழு இரும்பு ரோபோ. மூன்று வீரர்கள் கொண்ட படைக்குத் தலைமை. ஆபத்து என்றால் அப்படியே மடங்கி லாரியாக மாறிவிடும்!

உள்ளே இருப்பது சுமதி. உப்பளத்தில் வேலை செய்கிறவர். படை வீரர்களும் அவரோடு உப்பு வாருகிற தோழிகள்தான். மாசி மகத்துக்கு வருஷா வருஷம் இவர்கள் ஆட்டம் உண்டு. கடல் அரக்கனை அடித்துத் துரத்தியதும் தலைவியின் முட்டி மடங்கும், தோளிலிருந்து சக்கரம் இறங்கும், நெஞ்சில் ஹெட்லைட் எரியும். வீரர்கள் பின்னாலிருந்து தள்ள, ஹாரன் அடித்தபடி லாரி மேடையை விட்டு ஓடும். போன வருஷம் நானே விசில் அடித்தேன். என் வயதுக்கு அது கொஞ்சம் ஓவர்தான்.

ரோபோவைச் செய்தது அவர் தம்பி குமார். வெல்டர். துபாய் போவதற்கு முன் தகரத்தை வெட்டி, கீல் வைத்து, அக்காவுக்கு அளவெடுத்துச் செய்துகொடுத்துவிட்டுப் போனான். ஆட்டத்தை வீடியோவில் பார்த்ததோடு சரி. இந்த வருஷம்தான் லீவு கிடைத்தது. நேரில் பார்க்கவென்றே வந்தான்.

நானும் போன வாரம் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் சுமதி ரோபோவின் முட்டியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அசையவே இல்லை. கீல் பூராவும் துரு.

“என்னம்மா ஆச்சு?”

“என் புத்திய செருப்பால அடிக்கணும் சார். ஐப்பசி மழையில வீடு ஒழுகிச்சு. இத எங்க வைக்கிறதுன்னே தெரியல. ஓடிப்போயி உப்புக் குவியல் மேல வச்சு, கீத்தும் தார்ப்பாயும் போட்டு உப்போட சேத்து மூடிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி படல...”

“உப்பு இரும்பைத் தின்னுமேம்மா?”

“எனக்குத் தெரியாதா சார்? மம்பட்டியக்கூட கழுவாம வைக்க மாட்டோம். ஆனா மழைன்னா எங்களுக்கு உப்ப மூடத்தான் ஓடத் தெரியும். வருஷம் பூரா பாடுபட்டதெல்லாம் அங்கதான இருக்குது? நனையக்கூடாதுன்னு நெனச்சதும் கை தானா அங்கதான் போச்சு.”

“தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“எப்படி சார் சொல்றது? போன்ல கேக்கும்போதெல்லாம், பத்திரமா இருக்குதுடான்னேன். நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்.”

பத்திரம்... நாம் எல்லோரும் இதைத்தானே செய்கிறோம்? நமக்கு மூடத் தெரிந்த மாதிரி மூடிவைக்கிறோம். உள்ளே இருப்பதற்கு அது ஆகுமா என்று கேட்பதே இல்லை. எத்தனை பிள்ளைகளை, எத்தனை உறவுகளை இப்படிப் பொத்திப் பொத்தியே வீணாக்கியிருப்போம்!

ஆட்டம் நடந்தது. அரக்கன் ஓடினான். பொடிசுகள் “லாரி! லாரி!” என்று கத்த ஆரம்பித்தன. சுமதி முட்டியை மடக்கப் பார்த்தார். கிரீச்... மறுபடியும் அழுத்தினார். கீல் உடைந்து காலில் தொங்கியது. கூட்டம் சிரித்தது. வீரர்கள் மூவரும் தலைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

குமார் மேடைக்குப் பின்னால் ஓடிவந்தான். உடைந்த கீலைத் தொட்டுப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“விடுக்கா... அடுத்த தடவ வரும்போது வேற செஞ்சித் தர்றேன்.”

“எப்படா வருவ?” தகரத் தலைக்குள்ளிருந்து கேட்டார் சுமதி.

“ரூம்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு வந்தேன்க்கா... எங்க அக்கா லாரியா மாறும், நேர்ல பாக்கப் போறேன்னு” என்று சிரித்தான்.

சுமதிதான் அந்தத் தலையை வெகுநேரம் கழற்றவே இல்லை.