நெயில் பாலீஷ் மெக்கானிக்

போல்ட்டை இறுக்கி முடித்ததும் அறிவுச்செல்வன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நெயில் பாலீஷ் பாட்டிலை எடுக்கிறார். நல்ல எலுமிச்சை மஞ்சள். இறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாகப் போல்ட்டின் தலையில் ஒரு பொட்டு வைத்து, ஊதிக் காயவைத்துவிட்டு அடுத்த போல்ட்டுக்குப் போகிறார். அவர் கை பட்ட இடத்தில் எல்லாம் இந்தப் பொட்டு உண்டு. பெரம்பலூர் ஃபேன்சி ஸ்டோரில், "பாப்பாவுக்காண்ணே?" என்று கேட்டால், "எனக்குத்தாம்மா" என்பார். கேட்ட பெண் இரண்டு நாளைக்குச் சிரிப்பாள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் இருக்கிறது அவருடைய ஒர்க்‌ஷாப். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற போக்கில் அங்கே நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் ஒரே நிறம் பூசிவிடுகின்றன. பிரேக் கீச்சிடுகிறது என்று என் வண்டியைக் கொண்டுபோனவன், அரை நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மனிதர் வாய் மூடுவதில்லை. வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் வைத்திருக்கிறார், ஆனால் அதைக் கடைசி சாட்சியாகத்தான் கூப்பிடுவார். "காய்ச்சலான்னு கேக்குறதுக்கு முன்னாடி கழுத்தத் தொட்டுப் பாக்க வேணாமா?" என்பது அவர் கட்சி. தனக்கு முன்னால் வண்டியில் கை வைத்த மெக்கானிக்குகள் எல்லோருக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறார்: புண்ணியவான்.

அன்றைய முதல் வண்டி ஜெயங்கொண்டம் பூங்குழலி டீச்சருடைய கார். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முதல் நாள் மாலையே விட்டுப்போகச் சொல்லியிருந்தார் அறிவுச்செல்வன். டீச்சர் காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினார். மார்கழி பிறந்ததிலிருந்து, விடியலில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறதாம். இன்னொரு கடையில் இன்ஜினையே இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டீச்சரின் முகத்தில் அந்தக் கலக்கம் இருந்தது.

வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு, ரேடியேட்டருக்குப் போகிற ஓஸ் பைப்பில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார் அறிவுச்செல்வன். இன்ஜின் சூடாகும்வரை உள்ளே ஒரு வால்வு மூடியிருக்கும், அதுவரை இந்த ஓஸ் குளிர்ந்தே கிடக்கும். அதுதான் முறை. இதிலோ இரண்டாம் நிமிடமே வெதுவெதுப்பு. அதன்பிறகுதான் ஸ்கேனர் வந்தது. இன்ஜின் தேவையான அளவு சூடேறவில்லை என்று அதுவும் சொன்னது.

"அரியலூர் வெயில்ல இன்ஜினுக்குக் குளுருதாண்ணே?" டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அறிவுச்செல்வன் அந்த வால்வு மூடியின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினார். புழுதி அப்பியிருந்ததால் அவற்றை டீசல் கிண்ணத்தில் போட்டுவிட்டு மூடியைத் திறந்தார். உள்ளே வால்வே இல்லை.

"எந்தப் புண்ணியவான் இதக் கழட்டுனது? நம்மூரு வெயிலுக்கு வால்வு எதுக்குன்னு ஒரு கூட்டமே திரியுது டீச்சர். தண்ணி சும்மா சுத்திக்கிட்டே இருந்தா இன்ஜின் எங்க சூடாவும்? டீசலுக்குத்தான் கேடு. அவன் கையில மாட்டுனா..."

டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "எங்க கொழுந்தனாருகிட்ட இப்பத்தான் வாங்குன வண்டிண்ணே. ஒரு கொறையும் இல்ல அண்ணின்னு சத்தியம் பண்ணாரு. சாமானக் கழட்டிட்டுத் தலையில கட்டிட்டாரு பாருங்க! பொங்கலுக்கு எந்த மூஞ்சியோட நம்ம வூட்டு வாசப்படி ஏறுறாருன்னு பாக்குறேன்." சொல்லிக்கொண்டே போனை எடுத்து வெள்ளைச்சாமி என்ற அந்தக் கொழுந்தனாரைக் கூப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து அறிவுச்செல்வன் டீசலிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்தார். புழுதி கரைந்திருந்தது. அதன் தலையில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு பொட்டு.

சட்டென்று கட்டைவிரலால் அதை மூடினார். நான் பார்த்துவிட்டது அவருக்குத் தெரியும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தெரிந்துவிட்டால் மனிதன் என்ன செய்வான் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. போனில், "சொல்லுங்க அண்ணி" என்று அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது. டீச்சர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"டீச்சர், அவர ஒண்ணும் சொல்லிடாதீங்க." அறிவுச்செல்வன் கட்டைவிரலை எடுத்து போல்ட்டை நீட்டினார். "அந்தப் புண்ணியவான் நான்தான்."

டீச்சர் போல்ட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு போனில், "ஒண்ணும் இல்ல தம்பி, பொங்கலுக்கு முறுக்கு சுடட்டுமா, அதிரசமான்னு கேக்கத்தான் கூப்ட்டேன்" என்றார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, அக்னி நட்சத்திரம்" என்றார் அறிவுச்செல்வன். "குரும்பலூர் பக்கம் ஆவி கக்கிக்கிட்டு ஒரு வண்டி நின்னுச்சு. வால்வு மூடுனபடியே சிக்கிக்கிச்சு. அவசரத்துக்குக் கழட்டிட்டு, சரியாயிடுச்சு போங்க சார்ன்னேன். கழட்டுனத அவருகிட்ட சொல்லவே இல்ல. வெயிலுக்கு எதுக்கு வால்வுன்னு அன்னிக்கு நெனச்ச ஆளும் நான்தான். அவரு பகல்ல மட்டும் ஓட்டியிருப்பாரு, வெளக்கு எரியல."

"அதிரசம் கேக்குறாரு" என்றார் டீச்சர், போனை வைத்துவிட்டு. "உங்களுக்கும் ஒரு டப்பா கொண்டாரேன், புண்ணியவானே."

அந்தப் பெயர் இனி அவரை விடாது.

புது வால்வை வாங்கி வந்ததும் பக்கத்து டீக்கடையில் ஒரு குவளை கொதிநீர் கேட்டு அதில் போட்டார். வால்வு மெல்ல வாய் திறந்தது. வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. அதை மாட்டி, கூலன்ட் ஊற்றி, வண்டியைக் கிளப்பினார். இப்போது ஓஸ் குளிர்ந்தே இருந்தது. மீட்டர் முள் நடுவுக்கு வந்து நின்ற பிறகுதான் சூடு வந்தது. "தொட்டுப் பாருங்க டீச்சர், தொட்டுப் பாருங்க" என்று குதித்தார். விளக்கு அணைந்திருந்தது. டீச்சர் கையசைத்துவிட்டு ஜெயங்கொண்டம் பக்கம் திரும்பினார்.

வண்டி கிளம்புவதற்கு முன்பே இரண்டு போல்ட்டிலும் பழைய பொட்டின் மேல் புதுப்பொட்டு வைத்திருந்தார். ஆனாலும் பாட்டில் இன்னும் கையில்தான் இருந்தது. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து, போல்ட்டை மறைத்த அந்தக் கட்டைவிரல் நகத்தில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்து, ஊதிக் காயவைத்தார்.