ஓட்டை வால்வு

மந்தைவெளியில் உமர் ஃபாரூக்கும் தணிகாசலமும் கூட்டாக ஒரு மெக்கானிக் ஷெட் நடத்திவந்தார்கள். தொண்ணூற்றேழு மழைக்காலத்தில் கஸ்தூரிரங்கனின் வண்டி அங்கே மறுபடியும் வந்து நின்றது. சிங்கப்பூர் வேலை முடிந்து ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியேறியபோது அவர் கூடவே கொண்டுவந்த கார் அது.

"காலம்பற ஸ்டார்ட் பண்ணினா ஊளையிடறதுப்பா. தெருவே முழிச்சுண்டுடறது. கொஞ்ச நேரத்துல தானா நின்னுடறது."

இஞ்சின் நன்றாக ஆறினால்தான் அந்த ஊளை கேட்கும். அதனால் வண்டியை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார் ஃபாரூக். மறுநாள் சாவியைத் திருப்பியதும் காற்று பம்ப் அலறியது. இஞ்சின் சூடாகும்வரை புகைக்குழாய்க்குள் காற்றை ஊதி, எரியாத பெட்ரோலை எரிக்கிற பம்ப் அது. ரப்பர் ஹோஸை உருவி வால்வின் வாயில் கையை வைத்தார். காற்றை உள்ளே மட்டும் விடவேண்டிய வால்வு, சூடான புகையைத் திருப்பித் துப்பிக்கொண்டிருந்தது.

பம்பைக் கழற்றிச் சாய்த்ததும், திரும்பி வந்த புகை குளிர்ந்து தேங்கிய கறுப்புத் தண்ணீர் சாக்கடை நாற்றத்தோடு கொட்டியது. வால்வை வாயில் வைத்து இரு பக்கமும் ஊதிப் பார்த்தார். இரு பக்கமும் காற்று போனது. உதட்டில் கரி கசந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஸ்குரூ டிரைவர் குத்திய ஓட்டை, வெளியே பளபளவென்று வெள்ளி பெயிண்ட்.

போன தடவை 'புது வால்வு' என்று அதை மாட்டியவர் தணிகாசலம்.

"அடைச்சிக்கினு இருந்துச்சு பாய், குத்தி வுட்டேன். வண்டி ஓடிச்சா இல்லியா?" பாக்குக் கறைப் பற்கள் தெரியச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு நாற்றத் தண்ணீரே தேவலை என்று தோன்றியது ஃபாரூக்குக்கு.

கஸ்தூரிரங்கனிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். "பம்பும் வால்வும் சிங்கப்பூர்லேர்ந்து வரவழைக்கணும் சார்."

"எதுக்குப்பா? கழட்டி எறிஞ்சுட்டு வழியை அடைச்சுடு. நம்மூர்ல இதெல்லாம் யார் பாக்கறா?"

"நான் பண்ண மாட்டேன் சார்."

தணிகாசலம் பண்ணினார். தகடு வெட்டி அடைத்தார். டேஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்கின் பல்பையும் பிடுங்கிப்போட்டார். கார் சத்தமில்லாமல் கிளம்பியது. பின்னால் பச்சைப் பெட்ரோல் நெடி மூக்கைக் குத்தியது. கஸ்தூரிரங்கன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தணிகாசலத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

அன்று வீட்டில் ஃபாரூக்குக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாங்க, தட்டையே தொடல?" என்றாள் மனைவி அஃப்சருன்னிசா.

"அந்தத் தணிகாசலம் பக்கத்துல நிக்கவே புடிக்கல."

"அப்ப ஏன் நிக்கிறீங்க? வந்துடுங்க."

அந்த வாரமே தன் பங்கு ஸ்பானர்களைப் பிரித்துக்கொண்டு கொட்டிவாக்கத்தில் தனி ஷெட் போட்டார். ரொம்ப நாள் மொபெட்டுகள்தான் வந்தன. மந்தைவெளியில் 'ஊளையை நிறுத்துற தணிகாசலம்' என்று பெயர் பரவி, வெளிநாட்டு கார்கள் அவர் வாசலில் வரிசைகட்டின. பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் அதைப் பெருமையாகச் சொன்னபோது ஃபாரூக் முகத்தைச் சுளித்தார்.

"என்கிட்ட அந்தப் பேச்சு வேணாம் சார்," என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கார்புரேட்டரைக் கழுவத் தொடங்கினார்.